ஏவுகணையின் கண்ணிலிருந்து தொடங்குங்கள்

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். இன்ஜினியரிங் கடைசி வருடம், எலக்ட்ரானிக்ஸ். "மாமா, வெப்பத்தைத் தேடி வர்ற ஏவுகணையிலிருந்து ஹெலிகாப்டரைக் காப்பாத்துறதுதான் எங்க புராஜெக்ட். ஃப்ளேர் எப்போ போடணும்னு முடிவு பண்ற புரோகிராம் எழுதப் போறோம். எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்றாள். ஃப்ளேர் என்றால், ஏவுகணையின் கவனத்தைத் திருப்ப விமானத்திலிருந்து வெளியே வீசும், கடும் சூட்டில் பளீரென்று எரியும் சிறு பொதி.

நான் விமானப்படையில் ஆயுதப் பிரிவில் 20 வருடம் ஃபிட்டராக இருந்தவன். ஃப்ளேர் ஏற்றுவது, இறக்குவது, அதன் மின்சுற்றைச் சோதிப்பது என்று பாதி நாட்கள் போயின. ஓய்வுக்குப் பிறகு ஐந்து வருடம் ஒரு சோதனைக் குழுவில் வெப்ப அளவெடுக்கும் வேலை. அவளுக்குப் போனில் சொன்னது பாதிதான். மீதியையும் சேர்த்து, இந்தத் துறைக்கு வர நினைக்கும் பிள்ளைகள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ரகசியம் எதுவும் இதில் கிடையாது. பாடப்புத்தகத்து இயற்பியலும் கை பழகிய வேலையும்தான்.

ஃப்ளேரிலிருந்து தொடங்காதீர்கள். அவளுக்கு முதலில் சொன்னது இதுதான். ஃப்ளேர் என்பது ஒரு பதில். கேள்வி ஏவுகணையின் மூக்கில் இருக்கிறது. அந்த மூக்கில் உள்ள கண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காது, எதைக் கண்டு ஏமாறும் என்று தெரியாமல் எழுதும் புரோகிராம், நோயைப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது மாதிரி.

அந்தக் கண்ணைப் புரிந்துகொள்ள ஒரு சூத்திரம் போதும். ஒரு பொருளின் வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்துக்கொண்டு, 2898-ஐ அதனால் வகுத்தால், அந்தப் பொருள் எந்த அலைநீளத்தில் அதிகமாக ஒளிர்கிறது என்பது மைக்ரானில் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். வீன் விதி, பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். எக்ஸாஸ்ட் குழாயின் உலோகம் 800 கெல்வின் என்று வைத்துக்கொள்ளுங்கள், 3.6 மைக்ரான் வரும். விமானத்தின் தோல் 300 கெல்வின், 9.7 மைக்ரான். மக்னீசியம் எரியும் ஃப்ளேர் 2000 கெல்வினைத் தாண்டும். அதன் உச்சம் 1.4 மைக்ரான் பக்கம் போய்விடும். இந்த மூன்று எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். பல பத்து வருடங்களாக நடக்கும் துரத்தலும் தப்பித்தலும் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

பழைய ஏவுகணைகளின் கண் ஈய சல்ஃபைடு என்ற, வெப்ப ஒளியை உணரும் பொருள். அமெரிக்காவின் முதல் சைட்வைண்டர், சோவியத்தின் ஸ்ட்ரேலா-2 இரண்டும் குளிரூட்டாத ஈய சல்ஃபைடு டிடெக்டரோடு வந்தவை. இரண்டு மைக்ரான் பக்கம்தான் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சூடான வால் பக்கம் நின்றுதான் சுட முடியும். சூரியன் பக்கம் திரும்பினால் சூரியனையே துரத்தும். அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் ஒரு ஃப்ளேர் விழுந்தால், விமானத்தை விட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும். அடுத்த தலைமுறையில் டிடெக்டரைக் குளிரூட்டினார்கள், 3 முதல் 5 மைக்ரான் வரை பார்க்க வைத்தார்கள். உலோகம் மட்டுமில்லாமல், எக்ஸாஸ்டிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு புகையும் 4.3 மைக்ரானை ஒட்டி அதற்குத் தெரிந்தது. முன்பக்கத்திலிருந்தும் சுட முடிந்தது. அதற்கும் பின்னால் வந்தவை இரண்டு நிறத்தை ஒப்பிடும். ஃப்ளேரின் ஒளி குறைந்த அலைநீளத்தில் குவிந்திருக்கிறது, எஞ்சினின் ஒளி அப்படியில்லை. இரண்டையும் வகுத்துப் பார்த்து "இது போலி" என்று ஒதுக்கிவிடும். அமெரிக்காவின் தோள் ஏவுகணையான ஸ்டிங்கரின் பின்னாள் வகைகள் அகச்சிவப்போடு புற ஊதாவையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். இன்றைய புதியவை படமாகவே பார்க்கின்றன. அவற்றுக்கு ஹெலிகாப்டர் ஒரு புள்ளியாகத் தெரியாது, ஹெலிகாப்டராகவே தெரியும்.

சரி, கண்ணைப் பார்த்தாயிற்று. அடுத்த வேலை, உங்கள் விமானம் அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று அளப்பது. எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இதற்கு ஹெலிகாப்டர் வேண்டியதில்லை, அடுப்படி போதும். போனில் மாட்டும் சிறிய தெர்மல் கேமரா ஒன்றை யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரின் வெளிப்பக்கத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு விரல் அகலம் ஒட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். கையால் தொட்டால் டேப்பும் சுடும், எவர்சில்வரும் சுடும். கேமராவில் டேப் மட்டும் வெள்ளையாக எரியும். எவர்சில்வர் ஆறிய பாத்திரம் போல இருட்டாகத் தெரியும். இன்னும் கிட்டே போனால் அந்த இருட்டில் உங்கள் முகம் தெரியும், ஏனென்றால் பளபளப்பான உலோகம் தன் வெப்பத்தைக் குறைவாக வெளிவிட்டு, எதிரே உள்ளதைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்புகிறது. சூடு வேறு, கண்ணுக்குத் தெரியும் சூடு வேறு. அப்புறம் அதே கேமராவை மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே காட்டிப் பாருங்கள். ஒன்றும் தெரியாது. அந்த அலைநீளங்களைச் சாதாரணக் கண்ணாடி விடாது. ஏவுகணையின் மூக்குக்கு மக்னீசியம் ஃப்ளூரைடு, நீலக்கல் என்று தேடிப் போனது இதனால்தான். அக்கா மகள் அன்று ராத்திரியே செய்து பார்த்துப் படம் அனுப்பினாள். டம்ளரில் அவள் மூக்கு தெரிந்தது.

நிஜ ஹெலிகாப்டரை அளக்கும்போது அதைத் தரையில் கட்டி நிறுத்தி, எஞ்சினை ஓட்டிச் சுற்றிலும் ஒவ்வொரு கோணத்திலிருந்தும் படம் எடுப்போம். விடியற்காலையில் தொடங்குவோம், வெயில் ஏறினால் தோலின் மேல் படும் சூரிய ஒளி கணக்கைக் கெடுத்துவிடும். வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருள் தட்டைப் பக்கத்தில் வைத்து, கேமரா சொல்லும் எண்ணைச் சரிபார்ப்போம். முதல் தடவை நான் இதைச் செய்தபோது எக்ஸாஸ்ட் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட இருந்த மூத்த பொறியாளர் என் தோளைத் தட்டி, திரையில் வால் தண்டைக் காட்டினார். எக்ஸாஸ்ட் புகை ரோட்டர் காற்றில் கீழே அமுங்கி, வால் தண்டின் மேல் படிந்து, ஒரு கை அகலத்துக்கு நீளமாகப் பட்டை போட்டிருந்தது. ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் அந்தப் பட்டை. நகர்ந்தால் மறைந்துவிடும். எக்ஸாஸ்ட் வாய்க்கு மூடி போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போயிருந்தால் அந்தப் பட்டை அப்படியே இருந்திருக்கும்.

அளந்து முடித்ததும் முதலில் குறையுங்கள். பதில் தேடுவது பிறகு. ஒரு பொருள் வெளிவிடும் மொத்த வெப்ப ஒளி, வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 800 கெல்வினை 400 ஆக்கினால் பதினாறில் ஒரு பங்காகும். 3 முதல் 5 மைக்ரான் அலைநீளங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அதைவிடவும் குறையும். மி-17, மி-24 ஹெலிகாப்டர்களின் எக்ஸாஸ்டில் பெரிய பெட்டி மாதிரி ஒன்று மாட்டியிருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெளிக்காற்றை இழுத்துச் சூடான புகையோடு கலப்பதும், சூடான உள் உலோகம் வெளியே தெரியாமல் மறைப்பதும் அதன் வேலை. எடை கூடும், எஞ்சின் சக்தி கொஞ்சம் போகும். உயரமான மலையில் பறக்கும் விமானிக்கு அந்தக் கொஞ்சமும் பெரிது. கழற்றி வைக்கச் சொல்வார்கள். இந்தப் பேரத்தை வரைபடத்திலேயே நடத்திவிடுங்கள். களத்தில் கழற்றி வைக்கப்படும் கவசத்தை வடிவமைத்துப் பயனில்லை. குறைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் விமானம் மங்கலாக இருந்தால், அதைவிடப் பிரகாசமாகத் தெரிய வேண்டிய ஃப்ளேரும் சின்னதாக இருந்தால் போதும்.

இனி நேரக் கணக்கு. தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை விநாடிக்கு 500 மீட்டர் சராசரியில் வந்தால், 3 கிலோமீட்டரிலிருந்து வந்து சேர 6 விநாடி. ஒன்றரை கிலோமீட்டரிலிருந்து 3 விநாடி. அதற்குள் கண்டுபிடித்து, உண்மையா என்று உறுதி செய்து, எந்தப் பக்கம் என்று பார்த்து, ஃப்ளேரை வெளியேற்றி, அது முழு ஒளிக்கு வந்து, ஏவுகணை அதைப் பார்த்துத் திரும்ப வேண்டும். விமானி கண்ணால் பார்த்துப் பட்டனை அழுத்துவார் என்று நம்ப முடியாது. அதனால்தான் எச்சரிக்கைக் கருவி. அதில் ஒரு வகை புற ஊதாவில் பார்க்கிறது. சூரியனிலிருந்து வரும் 0.28 மைக்ரானுக்குக் குறைவான கதிர்களை ஓசோன் மேலேயே உறிஞ்சிவிடுவதால், தரையை ஒட்டிய காற்றில் அந்தப் பட்டை பட்டப்பகலிலும் இருட்டு. அந்த இருட்டில் ராக்கெட் மோட்டார் எரிந்தால் பளிச்சென்று தெரியும். அமெரிக்க ஏஏஆர்-47 இந்த வகைதான். குறை என்னவென்றால், மோட்டார் எரிந்து முடிந்தபின் ஒன்றும் தெரியாது. அகச்சிவப்பில் பார்ப்பவை அதற்கப்புறமும் சூடான உடலைப் பார்க்கும். ஆனால் வெயில் பட்டு மின்னும் தகரக் கூரை, செங்கல் சூளை, வயலில் எரியும் தாள் எல்லாம் அவற்றுக்கும் தெரியும். பொய் எச்சரிக்கையை அசட்டை செய்யாதீர்கள். ஒரு பயணத்தில் நாலு முறை சூளைக்குப் பயந்து ஃப்ளேர் போட்டால், நிஜமாக ஏவுகணை வரும்போது பெட்டி காலியாக இருக்கும்.

இப்போது ஃப்ளேருக்கு வரலாம். மி-17-இல் மாட்டும் ஏஎஸ்ஓ-2வி பெட்டி ஒன்றில் 32 கார்ட்ரிட்ஜ், ஒவ்வொன்றும் 26 மில்லிமீட்டர். கையில் எடுத்தால் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன். அதன் பின்பக்கம் மின்சாரம் பட்டால் தீப்பிடிக்கும் பிரைமர். வடிவமைக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் முழு ஒளிக்கு வருகிறது. வர நேரமானால் அதற்குள் ஏவுகணையின் பார்வை வட்டத்தை விட்டே கீழே விழுந்துவிடும். எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் பிரிகிறது. காற்று அதை உடனே பின்னால் இழுத்துவிடும், விமானம் முன்னால் போய்க்கொண்டிருக்கும், இந்த வித்தியாசத்தைப் பார்த்தே போலியைக் கண்டுபிடிக்கும் ஏவுகணைகள் உண்டு. மூன்றாவது, அதன் நிறம். மக்னீசியம், டெஃப்ளான் சேர்த்த பழைய வகை வெண்சூட்டில் எரிவதால் இரண்டு நிறம் பார்க்கும் கண்ணிடம் மாட்டிக்கொள்கிறது. அதற்காக விமானத்தின் நிறத்தையே ஒத்து எரியும் கலவைகளும், காற்றுப் பட்டதும் தானாகச் சூடேறும் மெல்லிய உலோகத் தகடுகளும் வந்தன. இரண்டாவது வகை எரியும்போது வெறுங்கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கலவை செய்யும் வேலை வெடிபொருள் ஆய்வகங்களுடையது. வீட்டிலோ கல்லூரி லேபிலோ அதைத் தொடவே கூடாது. மக்னீசியத் தூளில் விரலை இழந்தவரை எனக்குத் தெரியும். உங்கள் புரோகிராமுக்கு வேண்டியது அதன் ஒளி நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்ற வளைகோடு மட்டும்தான்.

ஃப்ளேர் தீர்ந்துவிடும், தீராத பதில் ஜாமர். பழைய ஏவுகணையின் கண்ணுக்கு முன்னால் கோடு போட்ட ஒரு வட்டத்தட்டு சுழலும். இலக்கின் ஒளி அதன் வழியாக விட்டு விட்டு வருவதைக் கொண்டு, இலக்கு எந்தப் பக்கம் என்று கணக்குப் போடும். சூடான ஒரு தண்டைச் சுற்றித் துளையிட்ட உருளைகளைச் சுழற்றி, அதே தாளத்துக்குக் கிட்டே ஒரு பொய்த் தாளம் கொடுத்தால் கணக்கு குழம்பி ஏவுகணை விலகும். அமெரிக்க ஏஎல்க்யூ-144, சோவியத்தின் லிபா எல்லாம் இதுதான். லிபா மி-17-இன் முதுகில் ஒரு சின்னக் குடம் மாதிரி நிற்கும். ஆனால் தாளத்தை நம்பாமல் படமாகப் பார்க்கும் கண்ணுக்கு முன்னால் இந்தக் குடம் ஒரு விளக்குக் கம்பம் ஆகிவிடும், கூப்பிட்டுக் கொடுப்பது போல. அதனால் இன்று லேசர். எச்சரிக்கைக் கருவி காட்டிய பக்கம் ஒரு சிறிய கோபுரம் திரும்பி, வரும் ஏவுகணையின் கண்ணைப் பிடித்து, அதனுள்ளேயே லேசரைப் பாய்ச்சும். இதில் லேசரைவிடக் கஷ்டமானது அந்தத் திரும்பலும் பிடித்தலும். ஹெலிகாப்டர் அதிர்ந்துகொண்டே இருக்கும், ஏவுகணை கண்ணிமைக்கும் நேரத்தில் பல மீட்டர் நகரும். லேசர் படித்தவர்கள் நிறையப் பேர் கிடைக்கிறார்கள், அதிர்வைத் தாங்கும் நிலைத்தளம் செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. மெக்கானிக்கல் படிக்கும் பிள்ளைகள் இதைக் கவனியுங்கள்.

சோதனைக்கு வருகிறேன். முதலில் கணினியில்: தூரம், உயரம், கோணம், விமானத்தின் வேகம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான தடவை ஓட்டுங்கள். ஒரே நிலைமையில் ஜெயித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அடுத்து, ஏவுகணையின் தலையை மட்டும் சுழலும் மேசையில் வைத்து, அதன் கண்ணுக்கு விமானமும் ஃப்ளேரும் உள்ள காட்சியைக் காட்டுவார்கள். கடைசியில்தான் வெளிமைதானம். அமெரிக்காவின் வைட் சாண்ட்ஸில் மலைகளுக்கு நடுவே நீளமான கேபிள் கட்டி, அதில் இலக்கைத் தொங்கவிட்டுச் சோதிக்கும் ஏற்பாடே செய்திருந்தார்கள். ஒன்றை மறக்காதீர்கள்: கடலோர ஈரக்காற்றில் எடுத்த அளவை லடாக்கில் பயன்படுத்தக் கூடாது. அங்கே காற்று மெல்லியது, வறண்டது. அகச்சிவப்பு அதிக தூரம் போகும். எஞ்சின் அதே எஞ்சின்தான், தெரியும் தூரம் வேறு.

லடாக் என்றதும் கார்கிலைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1999 மே 27 அன்று ஸ்குவாட்ரன் லீடர் அஜய் அஹுஜாவின் மிக்-21 ஏவுகணை பட்டு விழுந்தது. மறுநாள், மே 28, திராஸ் பகுதியில் தோலோலிங் மேல் மி-17 ஹெலிகாப்டர்கள் ராக்கெட் தாக்குதலுக்குப் போயின. அவற்றில் ஒன்றைத் தோளிலிருந்து சுடும் ஏவுகணை வீழ்த்தியது. ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர், ஃபிளைட் லெஃப்டினன்ட் முகிலன், சார்ஜென்ட் பிரசாத், சார்ஜென்ட் சாஹு, நான்கு பேரும் போய்விட்டார்கள். அந்த ஹெலிகாப்டருக்கு ஃப்ளேர் பாதுகாப்பு இல்லை. தோளில் வைத்துச் சுடுபவை சுடுபவருக்கு மேலே மூன்று, மூன்றரை கிலோமீட்டர் வரை எட்டும். சமவெளியில் அதற்கு மேலே பறந்து தப்பலாம். கார்கிலில் சுடுபவரே 4,500 மீட்டர் உயரத்து முகட்டில் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு மி-17-களைத் தாக்குதல் வேலையிலிருந்து விலக்கினார்கள், போர் விமானங்கள் இன்னும் உயரத்துக்குப் போயின. எத்தனை வருடம் ஆனாலும் மே மாதக் கடைசியில் நான் அந்த நான்கு பெயர்களையும் ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன்.

அதனால் கடைசிப் படியாக, ஃப்ளேரை விமானத்தில் ஏற்றப்போகிறவனை நினைத்து வடிவமையுங்கள். குளிர்காலம், விடியலுக்கு முன், கையுறை போட்ட விரல். வறண்ட குளிரில் நைலான் ஜாக்கெட் உரசி உடம்பில் மின்சாரம் ஏறியிருக்கும். பிரைமருக்கு அது ஆபத்து. முதலில் நில இணைப்பைத் தொட்டு அதை இறக்க வேண்டும், அப்புறம் மீட்டர் வைத்துப் பெட்டிக்கு வரும் ஒயரில் மின்சாரம் இல்லை என்று பார்க்க வேண்டும், பாதுகாப்புப் பின் மாட்டியிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கார்ட்ரிட்ஜைத் தொடலாம். ஒரு தளத்தில் ஒருமுறை, 32-ம் ஏற்றியாயிற்று, ஆனால் காக்பிட்டில் 29 என்றுதான் காட்டியது. மூன்று தொடுமுனைகளில் பச்சை பூத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெட்டி நிறைந்த பெட்டிதான். நான் அன்று எல்லாவற்றையும் இறக்கி, டார்ச் அடித்து ஒவ்வொரு முனையாகத் துடைத்து, மறுபடி ஏற்றினேன். புறப்பாடு நாற்பது நிமிடம் தாமதம். விமானி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்கி வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் பெட்டியில் தொடுமுனைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கட்டும். கையுறையோடு திருகக்கூடிய திருகு வையுங்கள். ஏற்றிய எண்ணிக்கையைக் காக்பிட்டில் காட்டுவது போலவே பெட்டியின் பக்கத்திலும் காட்டுங்கள், ஏற்றுபவன் அங்கேதான் நிற்கிறான். எந்தக் குழியில் எந்த வகை கார்ட்ரிட்ஜ் என்பதைத் தடவினாலே தெரியும்படி வேறு வேறு அடையாளம் கொடுங்கள். விடியலுக்கு முன் நிறம் தெரியாது. அக்கா மகள் இப்போது புரோகிராமை ஒதுக்கி வைத்துவிட்டாள். ஒரு பழைய பைக் சைலன்சரைச் சுற்றித் தகரம் வளைத்து, எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் கேமராவில் எவ்வளவு மங்குகிறது என்று அளந்துகொண்டிருக்கிறாள். நேற்று வரை 12 மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறாள்.